வளவை மூடலாமா, தளத்தை உடைக்கலாமா? நூற்றாண்டு வீட்டின் வெப்பமும் மின் கட்டணமும்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே, என் கணவரின் பாட்டனார் 1925 வாக்கில் கட்டிய வீட்டில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சுவர்கள் ஒன்றரை அடிக்கு மேல் கனம். மேலே தேக்குக் கட்டைகள் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். பழைய வீடு குளுமையாக இருக்கும் என்று நம்பி வந்தோம். ஆனால் மாடியில் நாங்கள் படுக்கும் அறையும் விருந்தினர் அறையும் இரவில்தான் அதிகம் கொதிக்கின்றன. கீழே மாமியாரின் அறையில் நான்கடி உயரத்துக்குச் சுவரெல்லாம் ஈரம் ஏறிய ஓதம். மூன்று ஏசி வைத்திருக்கிறோம்: மாடியில் இரண்டும் இரவு எட்டு மணி நேரம், கீழே ஒன்று பகலில் ஐந்து மணி நேரம் ஓடும். கோடையின் இரண்டு மாதங்களில் 2,150 யூனிட் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர் தளத்தை உடைத்து கான்கிரீட் போடவும், வளவின் (வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தின்) மேல் பாலிகார்பனேட் ஷீட் அமைக்கவும், சுவர்களுக்கு நீர்புகாத சிமென்ட் பூச்சு பூசவும், ஃபால்ஸ் சீலிங் அடிக்கவும், தேக்கு ஜன்னல்களை எடுத்துவிட்டு யு.பி.வி.சி. ஜன்னல்கள் வைக்கவும் சொல்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மகன், அங்கே செய்வது போலச் சுவரின் உட்புறம் தெர்மோகோல் பலகை ஒட்டினால் போதும் என்கிறான். ஒப்பந்தக்காரருக்குச் சிறு தொகை முன்பணம் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய அறை அளவுகளும் ஏசி ஓடும் நேரக் கணக்கும் எனக்கு மிகவும் பயன்பட்டன. முதலில் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக்காரர் சொன்ன ஐந்து வேலைகளில் எதையும் இந்த ஆண்டு தொடங்க வேண்டாம். தளத்தை உடைப்பதும் சிமென்ட் பூசுவதும் பிறகு திரும்பப் பெற முடியாத வேலைகள். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே என் தொழிலாக இருப்பதால், இப்படிச் செய்துவிட்ட பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குள் வெப்பம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பராமரிப்பு இல்லாமல் கறுத்துப்போன மேல்தளம். மற்றொன்று, காய வழியில்லாத ஈரச் சுவர். இந்த இரண்டையும் பழைய முறையிலேயே சரிசெய்துவிட்டு, மீதி வெப்பத்துக்கு மட்டும் இயந்திரத்தை நாடினால் போதும் என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களையும் வேலைகளின் வரிசையையும் கீழே எழுதுகிறேன்.

இரவில்தான் மாடி அதிகம் கொதிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கனமான செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானத்தில் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். ஒன்றரை அடிச் சுவரின் வெளிமுகத்தில் விழுந்த வெயிலின் சூடு உட்புறம் வந்து சேரப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகும். வரும்போது பெருமளவு வலுவிழந்தும் விடும். அதனால்தான் உங்கள் கீழ்த்தளத்து நடு அறைகள் பகல் முழுவதும் இதமாக இருக்கின்றன. மேல்தளத்தின் கனம் அதில் பாதிதான்: குத்தாக நிறுத்திய செங்கல் ஒரு வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் திமிசுக் கட்டையால் இடித்த கலவை, அதற்கு மேல் தட்டோடு என எல்லாம் சேர்ந்து எட்டு முதல் பத்து அங்குலம் இருக்கும். நண்பகலில் அதன் மேல் விழும் வெயில் இரவு ஏழு, எட்டு மணி வாக்கில் அடிப்பக்கத்தை அடைகிறது. நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் கூரை அடுப்பைப் போல உங்கள் மீது சூட்டை இறைக்கத் தொடங்குகிறது. ஏசி காற்றைக் குளிர்விக்கலாம். தலைக்கு மேல் இருக்கும் சூடான தளம் உடம்பின் மீது நேராக வீசும் வெப்பத்தை அது தடுப்பதில்லை. ஆகவே ஏசி 20 டிகிரியில் ஓடினாலும் புழுக்கம் தீரவில்லை என்று தோன்றுகிறது, இன்னும் குறைத்து வைக்கிறோம்.

இந்தத் தளத்தை உடைத்துவிட்டு ஐந்து அங்குலக் கான்கிரீட் போட்டால், வெப்பம் இப்போதைவிட விரைவாகவும் அதிகமாகவும் உள்ளே இறங்கும். மாலை நான்கு மணிக்கே அறை கொதிக்கத் தொடங்கும். கான்கிரீட் தளத்தின் எடையையும், அது வெயிலில் விரிந்து சுருங்குவதையும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்த் தலைகள் தாங்குமா என்பது வேறு பெரிய கேள்வி. தேக்குக் கட்டைகள் நல்ல நிலையில் இருக்கும்வரை மெட்ராஸ் டெரஸ் தளத்தை உடைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தளத்துக்குச் செய்ய வேண்டியது எளிது. கோடை நண்பகலில் கிடையான தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 900 வாட் வெயில் விழுகிறது. உங்கள் முன்கட்டு மாடித் தளம் 1,000 சதுர அடி என்றால் மொத்தம் 80 கிலோவாட்டுக்கு மேல். பாசி படிந்து கறுத்த தளம் அதில் நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைத் தளம் முப்பது பங்குக்கு மேல் உறிஞ்சாது. இந்த வித்தியாசம் மட்டும் 30 கிலோவாட்டைத் தாண்டுகிறது. தளம் உறிஞ்சியதில் பெரும்பகுதி மறுபடி காற்றோடு போய்விடும், எல்லாமே வீட்டுக்குள் இறங்கிவிடாது என்பது உண்மை. ஆனாலும் ஒன்றரை டன் ஏசி ஒன்று வெளியேற்றக்கூடிய வெப்பம் ஐந்தேகால் கிலோவாட் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு வாளிச் சுண்ணாம்பின் மதிப்பு விளங்கும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர்கள் சுவரோடு நிறுத்திக்கொள்ளாமல் மொட்டை மாடிக்கும் அடித்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யும் முறையில் கவனம் வேண்டும். தென்னைநார்த் துடைப்பமும் தண்ணீரும் கொண்டு பாசியைத் தேய்த்து எடுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம், அது தட்டோட்டின் இடுக்குகளில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்றுவிடும். பிறகு ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டால் அடியில் விட்டுப்போயிருக்கிறது. விட்ட ஓடுகளை மட்டும் எடுத்து, நீற்றிய சுண்ணாம்பும் நைசாக அரைத்த செங்கல் தூளும் சேர்த்த சாந்தில் திரும்பப் பதிக்க வேண்டும். செங்கல் தூள் சேர்ந்தால்தான் அந்தச் சாந்து ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கும் வழக்கம் உங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. இடுக்குகளில் சிமென்ட் குழம்பு ஊற்றாதீர்கள். சிமென்ட் சுண்ணாம்போடு சேர்ந்து விரிந்து சுருங்காது, ஒரே கோடையில் மயிரிழை விட்டுவிடும். அந்த இழை வழியே இறங்கும் மழைநீர் மேலே வர வழியில்லாமல் கட்டைகளில் போய் நிற்கும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், ஒரு பழைய வீட்டின் ஒழுகும் தளத்தின் மேல் இரண்டு அங்குலச் சிமென்ட் பூச்சு போடுவதற்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். அந்த ஆண்டு ஒழுக்கு நின்றது, வீட்டுக்காரர் மகிழ்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அறையின் மூலையில் மரத்தூள் கொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி, சுவருக்குள் புகுந்திருந்த தேக்குக் கட்டையின் நுனியைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். திருப்புளி கைப்பிடி வரைக்கும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரமான, கறுத்த மரத்துகள் ஒட்டியிருந்தது. இற்றுப்போன இலைக்குழியின் வாடை வந்தது. மற்ற இடமெல்லாம் இரும்பு போல இருந்த பர்மாத் தேக்கு அந்த ஓரடியில் மட்டும் அழிந்திருந்தது. ஒழுகிய நீர் வெளியே தெரிந்தவரைக்கும் அந்தக் கட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் மேலே மூடிய பிறகுதான் அது இற்றது. அன்றிலிருந்து சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமென்டையும் தார்த்தாளையும் நான் அனுமதிப்பதில்லை.

இதே காரணத்துக்காகத்தான் ஃபால்ஸ் சீலிங்கும் கூரை அடியில் நுரை தெளிப்பதும் வேண்டாம் என்கிறேன். கட்டைகள் கண்ணில் படாமல் போய்விட்டால் கரையான் ஏறியதும் ஒழுக்கு தொடங்கியதும் தெரியாது. மாடி அறையில் வெப்பத் தடுப்பு அவசியம் என்றே முடிவானால் அது தளத்தின் மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. எளியது, நிழல். கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாகக் கால்கள் நிறுத்தி, கோடையில் மட்டும் பச்சை நிழல்வலை கட்டலாம். தளத்துக்கும் வலைக்கும் நடுவே ஆள் குனிந்து போகும் அளவுக்குக் காற்று ஓடட்டும். மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி மேலே சாந்து போடும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கான்கிரீட் வீட்டுக்கு அது நல்ல முறை. நூறாண்டு தாங்கிய கட்டைகளின் மேல் அந்தப் பாரத்தை, ஒரு கட்டுமானப் பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

அடுத்தது மாமியாரின் அறை. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் ஓதத்தை எல்லோரும் அழகுக் குறைவாக மட்டுமே பார்க்கிறார்கள். காய்ந்த செங்கல்லின் நுண்துளைகளில் இருப்பது காற்று. ஓதம் ஏறினால் அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈரச் சுவர், அதே கனமுள்ள காய்ந்த சுவரைவிடக் கூடுதலான வெப்பத்தை உள்ளே விடுகிறது. இதைவிடப் பெரியது இன்னொன்று. சுவரிலிருந்து அறைக்குள் வரும் ஈரத்தை ஏசிதான் பிழிந்து வெளியே விட வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் நீராவியை மீண்டும் நீராக்க ஏறத்தாழ 0.67 யூனிட்டுக்கு நிகரான வெப்பத்தை ஏசி அகற்றியாக வேண்டும். அந்த ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்து, மாடி ஏசியின் நீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும் நேரம் குறைவாக இருந்தும் கீழே வாளி விரைவில் நிறைந்தால், நீங்கள் மின்சாரம் செலவழித்துச் சுவரைக் காய வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். சுவரோ அடியிலிருந்து மறுபடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த அறைக்கு நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பழைய சுண்ணாம்புக் காரை இருந்தபோது, அடியிலிருந்து ஏறிய ஈரம் முழங்கால் உயரத்திலேயே ஆவியாகிப் போயிருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிட்டதால் நீர் மேலே ஏறி வழி தேடுகிறது. பூச்சு முடியும் இடத்துக்குச் சற்று மேலே உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளிக்கிறது. இப்போது ஒப்பந்தக்காரர் சொல்வது போல எட்டடிக்குப் பூசினால் ஓதம் எட்டடிக்கு ஏறும். நடுவில் சிக்கிய உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகத்தையே உடைத்துப் பொடியாக்கிவிடும்.

ஆகவே முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய வீதிகளில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு மட்டம் உயர்ந்து, வீட்டின் அடித்தளத்தில் பாதி மண்ணுக்குள் போயிருக்கும். தெருச் சாக்கடை சுவரை ஒட்டியே ஓடும். அறைக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய குளியலறையின் குழாய் கசிகிறதா, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் அடிமூட்டு உடைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், ‘அடி ஓதம்’ என்று சொல்லப்பட்ட பல இடங்களில் உண்மைக் காரணம் ஒரு குழாய் மூட்டாகவே இருந்திருக்கிறது. நீர் வரும் வழியை அடைத்த பிறகு, சிமென்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு இரண்டடி மேல் வரைக்கும் உளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை ஒரு கோடை முழுவதும் திறந்தே வையுங்கள். மாமியாரை அந்தக் காலத்தில் வேறு அறைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அது சிரமம்தான். காயக் காய வெளியே வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள். கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். கடைசியில் சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் கொண்ட காரையை இரண்டு அல்லது மூன்று கைகளாகப் பூசி, ஒவ்வொரு கையும் இறுக நாள் கொடுத்து, மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் முறையை, கனம் ஒரே சீராக இல்லாத பழைய சுவர்களில் நான் நம்புவதில்லை.

வளவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். மழைச் சாரலும் குரங்குத் தொல்லையும் இருப்பதால் மூட நினைக்கிறீர்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் வளவு வெளிச்சத்துக்கு மட்டும் விட்ட திறப்பு இல்லை, வீட்டின் மூச்சுக்குழாய். உங்கள் ஊரில் கோடையில் பகல் 38 டிகிரியைத் தொடும். விடியற்காலையில் 26, 27 வரைக்கும் இறங்கும். இரவில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று வளவு வழியே மேலேறிப் போக, அந்த இடத்தை நிரப்ப முகப்பு வழியாகவும் பின்கட்டு வழியாகவும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெட்டவெளி வானத்தைப் பார்த்துக் கிடக்கும் முற்றத்துக் கல்தளமும் இரவில் தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிடுகிறது. பாலிகார்பனேட் ஷீட் போட்டால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது; உச்சியில் தேங்கும் வெந்த காற்று மாடித் தாழ்வாரத்தில் இறங்கி நிற்கும். குரங்குக்குக் கம்பி வலை போதும். நண்பகல் வெயிலுக்கு, இழுத்து விரிக்கவும் மடக்கவும் கூடிய கித்தான் துணியை அந்த வலைக்குக் கீழே கயிற்றில் ஓடவிடலாம். காலை பத்து மணிக்கு விரித்து, மாலை ஆறு மணிக்கு மடக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் நாள் முழுவதும் மடங்கியே இருக்கட்டும். மழைநீர் முற்றத்துக்குத்தான் வர வேண்டும்.

இதோடு சேர்ந்த பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று வரட்டும் என்று பகல் முழுவதும் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். 38 டிகிரிக் காற்றை உள்ளே அழைத்தால், இரவெல்லாம் குளிர்ந்த சுவர் மதியத்துக்குள் அந்தக் குளுமையை இழந்துவிடும். வெயில் ஏறுமுன் மேற்கும் தெற்கும் பார்த்த ஜன்னல்களின் மரக் கதவுகளைச் சாத்திவிட்டு, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறியைப் போட்டு இரவுக் காற்றை ஓடவிடுங்கள். அந்த வீட்டில் வாழ்ந்த ஆச்சிகள் இதைத்தான் செய்தார்கள். மாமியாரிடம் கேட்டால் எந்த ஜன்னலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று அவரே சொல்லுவார். ஆனி, ஆடி மாதங்களில் வறண்ட மேல்காற்று வீசும்போது, மேற்கு வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தால் நல்ல பலன் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் அதனால் பயனில்லை. ஏர் கூலருக்கும் இதே விதிதான்.

தேக்கு ஜன்னல்களை மாற்ற வேண்டியதே இல்லை. கீலுக்கு எண்ணெய் விட்டு, இறங்கிப்போன கதவைத் தூக்கி நிறுத்தி, ஏசி உள்ள அறையில் மட்டும் நிலையைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்டினால் காற்று ஒழுகுவது நின்றுவிடும். வெளிப்புறத்து மரக் கதவு வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுத்துவிடுகிறது. எத்தனை அடுக்குக் கண்ணாடி வைத்தாலும் அந்த வேலையை உள்ளிருந்து செய்ய முடியாது.

உங்கள் மகன் சொன்ன தெர்மோகோல் யோசனை முற்றிலும் தவறில்லை, இடம் மாறியிருக்கிறது. குளிர்நாட்டில் வெப்பம் வெளியே போகாமல் காக்க வேண்டும், பனிக்காலம் முழுவதும் அறையைச் சூடாக்குகிறார்கள். உங்கள் வீட்டிலோ நாளின் பெரும்பகுதி எந்த இயந்திரமும் இல்லாமல் சுவரே அறையைக் குளிர வைக்கிறது. உட்புறம் பலகை ஒட்டிவிட்டால் அந்தச் சுவருக்கும் அறைக்கும் தொடர்பு அறுந்துவிடும். மேலும் ஏசி ஓடும் அறையில், வெளிக்காற்றின் ஈரம் சுண்ணாம்புச் சுவர் வழியே உள்நோக்கி வந்து, குளிர்ந்த பலகையின் பின்னால் வேர்த்து நிற்கும். பூஞ்சை பிடித்தாலும் நமக்குத் தெரியாது. ஐரோப்பாவிலும் பழைய சுவர்கள் பற்றிய கருத்து மாறிக்கொண்டு வருகிறது என்பதை மகனிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய கனச் சுவர்களில் வெப்பம் கடப்பதை நேரில் அளந்து பார்த்தபோது, கணக்கு முறைகள் காட்டியதைவிடச் சுவர்கள் பெரும்பாலும் மேலாகவே செயல்படுவது தெரியவந்தது. ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். மேற்கு வெயில் படும் ஓர் அறையை இரவில் மட்டும் ஏசி போட்டுப் பயன்படுத்தினால், பகலெல்லாம் சூடேறிய கனச் சுவர் ஏசிக்குப் பாரமாகத்தான் இருக்கும். அதற்குத் தீர்வு, வேறு அறைக்கு மாறுவது.

அதுதான் ஏசி பற்றிய என் முக்கியமான யோசனையும். மாடிப் படுக்கையறையைக் கோடையின் மூன்று மாதங்களுக்கு மட்டும் கீழே கொண்டுவாருங்கள். வளவின் வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ, மேலே இன்னொரு தளம் உள்ள, ஓதம் இல்லாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கூரை வெப்பம் அங்கே கிடையாது, வெளிச்சுவர் வெயிலும் குறைவு. உங்கள் வரைபடத்தில் இரண்டாவதாகக் குறித்திருக்கும் அறை அதற்குப் பொருந்தும். ஏசியை 26, 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிடுங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ., ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று கூறுகிறது. 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே வருவதும் அதனால்தான். நீங்கள் 20இல் வைக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த மணிக்கணக்கின்படி மூன்று ஏசியும் சேர்ந்து அந்த இரண்டு மாதத்தில் 1,500 யூனிட் அளவுக்கு எடுத்திருக்க வேண்டும். விருந்தினர் அறை ஏசி எட்டு மணி நேரம் ஏன் ஓடுகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

மின்விசிறிகளைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் எட்டுப் பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 432 யூனிட். 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் 173 யூனிட். அதைவிட முக்கியம், பதினான்கடி உயரக் கூரையில் குட்டைக் கம்பியில் தொங்கும் விசிறியின் காற்று உங்கள் மேல் படாது. நீண்ட கம்பி போட்டு தரையிலிருந்து ஒன்பதடி உயரத்துக்கு இறக்குங்கள்.

சூரியத் தகடுகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு; அந்த அளவு அமைப்பு நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் தரும். ஆனால் தகடுகளின் கால்களுக்காகப் பழைய தளத்தில் துளையிட அனுமதிக்காதீர்கள். பின்கட்டுக்கு அப்பால் இருக்கும் வண்டிக் கொட்டகையின் மேல் தனிச் சட்டத்தில் அமைப்பதே சரி. தளத்தையும் ஓதத்தையும் பார்த்த பிறகு செய்தால் சிறிய அமைப்பே போதுமானதாக இருக்கலாம்.

எதையும் தொடங்குமுன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் சிறு கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாடி அறை, கீழ் நடு அறை, மாமியார் அறை, தெருத் திண்ணை என நான்கு இடங்களில் வைத்து, காலை ஆறு, பகல் இரண்டு, இரவு ஒன்பது மணிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கூரையின் அடிப்பக்கச் சூட்டைப் பார்க்க, தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு வாங்கியது இதற்கு உதவாது. தளத்துக்கு வெள்ளையடித்த பிறகு அதே இடங்களில், அதே நேரங்களில் மறுபடி அளந்தால், அடுத்த வேலைக்குச் செலவழிக்கலாமா என்பதை அந்த எண்களே காட்டிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவா? பொது வீடு என்றால் தளத்தை உடைப்பதற்கும் வளவை மூடுவதற்கும் எல்லாப் புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) சம்மதமும் வேண்டும். அது இல்லாமல் தொடங்கிய வேலைகள் பாதியில் நின்று, மழையில் வீடு திறந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். வெள்ளையடிக்கவும் ஓடு திருத்தவும் குழாய் மூட்டு மாற்றவும் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் பங்காளிகள் கூடும்போது சொல்லுங்கள்.

இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்கு முன் தளத்தின் மழைநீர்த் தூம்புகளைச் சுத்தம் செய்து, விட்டுப்போன ஓடுகளை மட்டும் திருத்தி, குளியலறைக் குழாயைச் சோதித்துவிடுங்கள். மழை முடிந்து தையில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுக்கலாம், மாசியில் தளத்துக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கலாம். மாமியாரின் அறைக்குப் புதுக்காரை அடுத்த ஆடிக்குப் பிறகுதான். முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரரிடம், சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் அவரிடம் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கிறார் என்றால் அந்தக் கொத்தனார் முன்பு செய்த ஒரு சுவரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையைத் தளத்து வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர்